வனத்து அந்தோணியார் காலடியில் பன்றிக்கு என்ன வேலை?

கேள்வி: ஜனவரி 17

இன்று எங்கள் ஊரில் வனத்து அந்தோணியார் திருநாள். மாடு மந்திரிப்பு முடிந்து பொங்கல் இறக்கிய கையோடு ஒரு சண்டை. சுரூபத்தின் காலடியில் படுத்திருப்பது நாய் என்கிறான் தம்பி, பன்றி என்கிறார் உபதேசியார். பன்றி என்றால் ஏன் பன்றி? ஆடு மாடுகளுக்குப் பாதுகாவலர் என்றால் மாடல்லவா இருக்க வேண்டும்? கழுத்தில் மணி வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 17, இரவு

பன்றிதான். உபதேசியார் கட்சி ஜெயித்தது.

சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் எங்களுக்குச் சொன்னது: பாலைவனத்தில் தவம் இருந்த அந்தோணியாரைச் சோதிக்கப் பிசாசு பன்றி உருவில் வந்தது, அவர் அதை அடக்கிக் காலடியில் போட்டுவிட்டார். இவர் எகிப்து நாட்டுக்காரர், கையில் குழந்தை இயேசுவோடு நிற்கும் பதுவை அந்தோணியார் வேறு. இரண்டு பேருக்கும் நடுவே சுமார் 900 ஆண்டு இடைவெளி.

ஜனவரி 18, காலை

நேற்று எழுதியதைப் படுக்கையில் மறுபடி யோசித்தேன். பிசாசுக்கு யாராவது மணி கட்டிவிடுவார்களா? மேலே சொன்ன மறைக்கல்விக் கதையை மறந்துவிடுங்கள். அந்தப் பன்றி எகிப்திலிருந்து வரவில்லை, பிரான்சில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

நான் 31 ஆண்டு நர்ஸ் வேலை பார்த்தவள், அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. இந்த ஆஸ்பத்திரிக் கதை எனக்கு வேறு வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜனவரி 18, மதியம்

கதை தொடங்கும் இடம் தென்கிழக்கு பிரான்சில் தொஃபினே என்ற பகுதி. 11ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பிரபு ஒருவர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அந்தோணியாரின் எலும்புகளைக் கொண்டுவந்தார் என்பது மரபு. லா மோத் சான் திதியே என்ற சிறிய ஊரில் வைத்தார்கள். இன்று அந்த ஊருக்குப் பெயரே சான் அந்துவான் லபாயி, அதாவது அந்தோணியார் மடத்து ஊர். எலும்புகளைக் காக்க மோன்மஜூர் மடத்திலிருந்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் வந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஊர் ஊராக ஒரு நோய் பரவிக்கொண்டிருந்தது. கை கால் தீயில் வேகிற மாதிரி எரியும். பிறகு மரத்துப்போகும், கறுக்கும், கடைசியில் கரிக்கட்டை போல மூட்டோடு கழன்று விழும், ரத்தமே வராது. புனிதத் தீ என்றார்கள், பிறகு அந்தோணியார் தீ என்றே பெயர் விழுந்தது. காஸ்தோன் என்ற பிரபுவின் மகன் கெராங்குக்கு இந்த நோய் வந்து, அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டு குணமானதாம். அந்த நேர்த்திக்கடனுக்காக அப்பாவும் மகனும் 1095 வாக்கில் அங்கே நோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார்கள். அப்போது அவர்கள் துறவிகள் கிடையாது. குடும்பஸ்தர்களும் சேர்ந்த ஒரு பக்த சபை, அவ்வளவுதான்.

1218-இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அதைத் துறவற வார்த்தைப்பாடு உள்ள சபையாக அங்கீகரித்தார். 1247-இல் நான்காம் இன்னசென்ட் அகுஸ்தினாரின் ஒழுங்கைக் கொடுத்தார். கறுப்பு அங்கி, அதன்மேல் நீல நிறத்தில் ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு சிலுவை. அதற்குத் தௌ சிலுவை என்று பெயர். உங்கள் ஊர்ச் சுரூபத்தின் கைத்தடியைப் பாருங்கள், மேலே ஒரு குறுக்குக்கட்டை இருக்கும். ஊன்றுகோலும் அதே வடிவம்தான். கால் போனவர்களின் சபைக்கு வேறு எந்த அடையாளம் பொருந்தும்?

ஜனவரி 18, மாலை

பன்றியை மறந்தே போனேன்.

நாம் கோயிலுக்குக் காளை நேர்ந்துவிடுகிறோமே, அதேதான். ஆஸ்பத்திரி நடத்தக் காசு வேண்டும், நோயாளிக்குக் கறியும் கொழுப்பும் வேண்டும். அதனால் சபையின் பன்றிகளை ஊருக்குள் அவிழ்த்துவிட்டார்கள். கழுத்தில் மணி இருந்தால் அது அந்தோணியார் பன்றி. யாரும் அடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, மிச்சம் மீதியைப் போடுவது புண்ணியம். கொழுத்ததும் சபைக்காரர்கள் ஓட்டிப்போவார்கள். தீவனச் செலவு முழுக்க ஊர் தலையில்.

லண்டனில் நடந்ததை ஜான் ஸ்டோ என்பவர் எழுதி வைத்திருக்கிறார். சந்தையில் விற்கத் தகாத நோஞ்சான் பன்றிகளின் காதை அதிகாரிகள் கிழித்துவிடுவார்களாம். அவற்றில் ஒன்றை அந்தோணியார் ஆஸ்பத்திரி ஆள் வாங்கி மணி கட்டிக் குப்பைமேட்டில் மேய விட்டுவிடுவார். சோறு போடுகிறவர்கள் முகம் அதற்குத் தெரியும், அவர்களைப் பார்த்தால் முனகிக்கொண்டே பின்னால் வரும். ஒருவரையே சுற்றிச் சுற்றி வருகிறவனை ‘அந்தோணியார் பன்றி’ என்று கேலி செய்யும் வழக்கு ஆங்கிலத்தில் அங்கிருந்துதான் வந்தது.

ஜனவரி 19

“பன்றியால் இளவரசன் செத்தானாமே?” என்று கேட்டவருக்கு: உண்மைதான். 1131-இல் பாரிசில், அரசன் ஆறாம் லூயியின் மகன் பிலிப் குதிரையில் போகும்போது ஒரு பன்றி காலுக்கடியில் புகுந்தது. குதிரை இடறி அவன் விழுந்து இறந்தான். வயது 15. அதன்பின் தெருவில் பன்றி விடக் கூடாது என்று தடை போட்டார்கள், அந்தோணியார் பன்றிகளுக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் ரோட்டில் மாடு திரியக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டுவிட்டுக் கோயில் மாட்டைத் தொடாமல் விடுகிற மாதிரி.

ஜனவரி 19, இரவு

திருத்தம். அந்த விலக்கு 1131-இல் உடனே கிடைத்தது போல மேலே எழுதிவிட்டேன். சபைக்குப் பாரிசில் சொந்த மடம் வந்ததே 14ஆம் நூற்றாண்டில்தான். விலக்கெல்லாம் பிற்பாடு ஊருக்கு ஊர் வாங்கியது. இரண்டையும் ஒட்டிச் சொன்னால் கதை நன்றாக இருக்கிறது என்பதால் எல்லோரும் ஒட்டுகிறார்கள். நானும் ஒட்டினேன்.

ஜனவரி 21

“இது அக்கிதானே?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஆனால் கேள்வி தப்பில்லை. அக்கி என்ற சொல்லே அக்கினியிலிருந்து வந்தது. எங்கள் அப்பாயிக்கு அக்கி வந்தபோது குயவர் வீட்டுத் தாத்தா காவி குழைத்து முதுகில் சிங்கம் எழுதியது ஞாபகம் இருக்கிறது. இத்தாலியில் இன்றும் அக்கிக்கு ‘அந்தோணியார் தீ’ என்றுதான் பெயர். பழைய நோய் போய்விட்டது, பெயர் சும்மா இருக்காமல் வேறு நோயில் போய் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் இன்னொன்று. அந்தோணியார் நோயைத் தீர்ப்பவர் மட்டுமில்லை, கோபம் வந்தால் கொடுப்பவரும் அவரே என்று பயந்தார்கள். “அந்தோணியார் தீ உன்னை எரிக்க!” என்பது பிரெஞ்சுக்காரர்களின் சாபம். அம்மையைப் போடுவதும் ஆத்தா, இறக்குவதும் ஆத்தா என்று வளர்ந்த நமக்கு இது புரியும்.

ஜனவரி 22

உண்மையான காரணம் ரொட்டி.

ரை என்று ஒரு தானியம். குளிர் பிரதேசத்தில், மட்டமான மண்ணிலும் விளையும், ஏழைகளின் சாப்பாடு. மழையும் குளிருமான ஆண்டில் அதன் கதிரில் எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும். மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, கொஞ்சம் நீளமாக, எலிப்புழுக்கை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். பஞ்சத்தில் யார் பொறுக்கிப் புடைக்கிறார்கள்? அதையும் சேர்த்து அரைத்து ரொட்டி சுட்டார்கள். அதிலிருக்கும் நஞ்சு ரத்தக் குழாய்களை இறுக்கி மூடிவிடும், கை கால் நுனிக்கு ரத்தம் போகாது. சிலருக்கு இழுப்பு வரும், புத்தி பேதலிக்கும்.

சர்க்கரை நோயில் காய்ந்து கறுத்த கால் விரல்களுக்கு நான் எத்தனையோ முறை கட்டுப் போட்டிருக்கிறேன். “உள்ளே எரியுது சிஸ்டர்” என்பார்கள். தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். பழைய குறிப்புகளில் தீ என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குளிர்ந்த கால்தான் கையில் தட்டுப்படுகிறது.

இப்போது சபை என்ன செய்தது என்று பாருங்கள். நோயாளி வந்தால் முதலில் இது உண்மையிலேயே அந்தத் தீதானா என்று சோதித்தார்கள். ஆம் என்றால் உள்ளே எடுத்து நல்ல ரொட்டி, பன்றிக்கறி, ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளில் புனிதரின் எலும்பின்மேல் ஊற்றி எடுத்த திராட்சரசம் கொஞ்சம், பன்றிக்கொழுப்பில் மூலிகை சேர்த்த களிம்பு. கோதுமை ரொட்டியில் எர்காட் குறைவு. நஞ்சு சாப்பாட்டை விட்டு விலகியதும் எரிச்சல் அடங்கத் தொடங்கும். புகழ் எலும்புக்குப் போனது, வேலை செய்தது சமையற்கட்டு.

ஜனவரி 22, பின்னிரவு

கடைசி வரியைத் திமிராக எழுதிவிட்டேன் என்று படுகிறது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ரொட்டியால் மட்டும் குணமானது என்று அடித்துச் சொல்ல முடியாது. கால் கறுத்துப்போன பிறகு எந்த ரொட்டியும் அதைத் திருப்பித் தராது. மேலே ஏறாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று, வாரக்கணக்கில் நடந்து வரும் யாத்திரிகன் தன் ஊர் ரையை விட்டு ஏற்கனவே விலகிவிடுகிறான். பாதி வைத்தியம் வழியிலேயே நடந்துவிடுகிறது.

ஜனவரி 24

“அவர்களுக்கு ரொட்டிதான் காரணம் என்று தெரியாதா?” தெரியாது. நோயாளிக்கு நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். அவ்வளவு காலம் அவ்வளவு நோயாளிகளைப் பார்த்த சபைக்கு இது எட்டவில்லை என்பது முதலில் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. பிறகு யோசித்தேன். நோயாளி சாப்பிட்டது அவன் ஊரில். இவர்கள் பார்ப்பது வாசலில் வந்து விழுந்த பிறகு. நாங்களும் வார்டில் கேஸ் ஷீட்டில் இருப்பதைத்தான் பார்த்தோம், அந்தப் பெண் வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்று எத்தனை தடவை கேட்டோம்?

1676-இல் தெனி தொதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் அரசு அறிவியல் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் எர்காட்டையும் நோயையும் தெளிவாக இணைத்தார். அதற்குப் பிறகும் சபை நூறு ஆண்டு இருந்தது. அந்தப் பூஞ்சையின் முழு வாழ்க்கைச் சுற்றை துலான் என்பவர் கண்டறிந்தது 1853-இல்.

ஜனவரி 25

கம்பு பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர், விவசாயி போலிருக்கிறது. ஆமாம், கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் இந்தக் குடும்பம்தான். கதிரில் தேன் மாதிரி வடிந்து பிறகு கறுப்பு மணி வரும். விதைக்கும் முன் அப்பா உப்புத் தண்ணீரில் கம்பைக் கொட்டி மிதப்பதை வழித்து எறிவார். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்பு என்பது விவசாயத் துறைக் கணக்கு. கம்பு எர்காட்டில் இருக்கும் நஞ்சு வேறு வகை. அதனால் 1970களில் ராஜஸ்தானில் மக்களுக்கு வந்தது வாந்தி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம். கால் கழன்று விழவில்லை. கம்மங்கூழைப் பயந்து நிறுத்த வேண்டாம்.

ஜனவரி 27

எனக்கு இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்வதாகச் சொன்னேன்.

பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி விழுந்த பிறகு உதிரம் நிற்காமல் போனால் நாங்கள் போடும் ஊசிகளில் ஒன்று மெத்தர்ஜின். 0.2 மில்லிகிராம் ஆம்பூல், ஃபிரிட்ஜில் வெளிச்சம் படாமல் இருக்கும். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகும், ரத்தம் நிற்கும். அது எர்காட்டிலிருந்து வந்த மருந்து. கால்களைக் கரியாக்கிய அதே இறுக்கம், இங்கே உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. 1582-லேயே லோனிட்சர் என்ற ஜெர்மானியர் தன் மூலிகைப் புத்தகத்தில் மருத்துவச்சிகள் எர்காட் கொடுப்பதைக் குறித்திருக்கிறார். அதிலிருக்கும் சரியான சத்தைப் பிரித்தெடுக்க 1935 ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, இரவு டியூட்டி. உதிரப்போக்கைப் பார்த்த பதற்றத்தில் ஆம்பூலை உடைத்துவிட்டேன். தலைமை நர்ஸ் என் கையை ஓங்கித் தட்டினார். “பிரஷர் பார்த்தியா?” பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு 160-க்கு மேல். ரத்தக் கொதிப்பு இருப்பவருக்கு அதைப் போடவே கூடாது. வேறு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அன்று விடியற்காலை டீ குடிக்கும்போது அவர்தான் சொன்னார், “இது அந்தோணியார் தீ, சும்மா தொடாதே.” எங்கே படித்தாரோ, கேட்கத் தோன்றவில்லை. நான் தேட ஆரம்பித்தது அதிலிருந்து.

ஜனவரி 28

யாரோ “கால் வெட்டுவதெல்லாம் சாமியார்களா?” என்று கேட்டிருந்தார்கள். இல்லை. 1215-இல் கூடிய லாத்தரன் திருச்சபைப் பொதுச்சங்கமே உயர் பட்டம் பெற்ற குருக்கள் அறுவை செய்யக் கூடாது என்று விதித்துவிட்டது. கத்தி பிடித்தவர்கள் சம்பளத்துக்கு வந்த ரண வைத்தியர்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஹான்ஸ் ஃபொன் கெர்ஸ்டோர்ஃப் அப்படி ஒருவர். 1517-இல் அவர் போட்ட புத்தகத்தில் கால் வெட்டும் படம் இருக்கிறது. அச்சில் வந்த அப்படிப்பட்ட முதல் படம் என்பார்கள். பின்னால் ஒருவன் நிற்கிறான், வெட்டிய கை நுனியில் ஏதோ உறை, மார்பில் தௌ சிலுவை. அந்த உறை விலங்கின் சிறுநீர்ப்பை, அதுதான் அவரது கட்டு. பன்றியை ஒரு துளி வீணாக்கவில்லை.

தாய் மடத்தில் அங்கம் இழந்தவர்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அவர்கள் சாகும்வரை இருக்கலாம். 22-ஆம் தேதி இரவு நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். வெட்டிவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கொடுப்பதைத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன்.

பிப்ரவரி 2

இதை நீளமாக எழுதுவேன், பொறுக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

மகள் ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு போனபோது எல்லை தாண்டிக் கோல்மார் கூட்டிப்போனாள். அங்கே உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஈசன்ஹைம் பீடம் இருக்கிறது. ஈசன்ஹைம் பக்கத்து ஊர், அந்தோணியார் சபைக்கு அங்கே ஒரு மடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. மடத்துத் தலைவர் குய்தோ குவெர்சி காலத்தில், 1512 முதல் 1516 வரை, மத்தியாஸ் க்ரூனவால்ட் வரைந்தது.

கதவு மாதிரி மடித்துத் திறக்கும் பீடம். மூடியிருக்கும்போது தெரிவது பாடுபட்ட ஆண்டவர். நம் கோயில்களின் பாடுபட்ட சுரூபத்தில் ஐந்து காயம், கொஞ்சம் ரத்தம். இங்கே உடம்பு முழுக்க முள் தைத்த புண், பச்சை பாய்ந்த தோல், விரல்கள் இழுத்துக்கொண்டு விறைத்து நிற்கின்றன. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வார்டில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டேன். நோயாளிகளை இதன் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

சிலுவை நட்டநடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு கை உடம்பை விட்டுப் பிரிந்து போகும். கீழ்ப்பலகையில் ஆண்டவரை அடக்கம் செய்யும் படம், அதைத் திறந்தால் கால்கள் பிரியும். ஓவியர் வேண்டுமென்றே செய்தாரா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். கை போன ஒருவன் எதிரே நின்று பார்த்தால் அவனுக்கு வாதம் தேவைப்பட்டிருக்காது.

கடைசி அடுக்கில் அந்தோணியாரைப் பேய்கள் போட்டு அடிக்கும் படம். இடது மூலையில் ஊதிய வயிறும் உடம்பெல்லாம் கொப்புளமுமாக ஒரு உருவம் சாய்ந்து கிடக்கிறது. பேயா நோயாளியா என்று தெரியாது. எதிர் மூலையில் ஒரு காகிதம், அதில் லத்தீனில்: “எங்கே இருந்தீர் நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர்? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை?” நோயாளியின் வாயிலிருந்து வரும் கேள்வியை அழிக்காமல் பீடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சபைமேல் மரியாதை வந்தது ரொட்டியால் இல்லை, இந்தக் காகிதத்தால்.

பிப்ரவரி 2, இரவு

சொல்ல விட்டது: அதே அடுக்கின் நடுவில் மரத்தில் செதுக்கிய அந்தோணியார் உட்கார்ந்திருக்கிறார். செதுக்கியது ஹாகெனாவ் நிக்லாஸ், ஓவியத்துக்குக் கொஞ்சம் முந்தியது. கீழே இரண்டு குட்டி மனிதர்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஒருவன் கையில் சேவல், இன்னொருவன் கையில் பன்றிக்குட்டி. கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பிப்ரவரி 5

“ரொம்பப் புகழ்கிறீர்கள், இவர்களும் காசு பார்த்தவர்கள்தானே?” சரிதான். 15ஆம் நூற்றாண்டில் சபைக்கு 370 வாக்கில் ஆஸ்பத்திரிகள் இருந்தன என்பார்கள். வசூலுக்கென்றே ஊர் ஊராக ஆட்கள் சுற்றினார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே சொர்க்கத்தைப் பற்றிப் பாடும்போதுகூட அந்தோணியார் பன்றி கொழுப்பதைக் குத்திக்காட்டாமல் விடவில்லை. இன்னொரு இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் கதையில் போலித் திருப்பண்டம் காட்டிக் காசு பறிக்கும் சகோதரர் சிப்போல்லா இந்தச் சபைக்காரர்.

சண்டையும் உண்டு. எலும்பைக் காத்த துறவிகளுக்கும் நோயாளிகளைக் காத்த சகோதரர்களுக்கும் உண்டியல் யாருக்கு என்று முட்டிக்கொண்டே இருந்தது. 1297-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் தீர்த்து வைத்தார்: மடம் முழுக்க ஆஸ்பத்திரிச் சகோதரர்களுக்கு, மற்றவர்கள் கிளம்ப வேண்டும், மோன்மஜூருக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை. போனவர்கள் எலும்பையும் எடுத்துப் போய்விட்டார்கள் என்று பிற்காலத்தில் ஒரு கதை கிளம்பியது. மோன்மஜூருக்குப் பக்கத்து ஆர்ல் நகரமும் அந்தோணியார் எங்களிடம்தான் இருக்கிறார் என்றது. ஒரு புனிதர், இரண்டு உடம்பு.

பிப்ரவரி 6

சபை என்ன ஆயிற்று என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: நோய் குறைந்தது, ஆஸ்பத்திரிக்கு வேலை குறைந்தது. 1777-இல் மால்டா வீரத்துறவிகள் சபையோடு இணைத்துவிட்டார்கள். ஜெர்மன் பக்கம் மிஞ்சியவை 1803 வாக்கில் போயின.

பிப்ரவரி 11

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கோயில் சுரூபத்தின் பன்றியைப் பார்க்கலாம் என்று போனால், திருநாளுக்குப் பெயின்ட் அடித்தவர் அதற்கு வெள்ளை அடித்து வாலைச் சுருட்டாமல் நீட்டிவிட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற பொடியன் “ஆட்டுக்குட்டி” என்றான். மணி மட்டும் அப்படியே இருக்கிறது.

பங்குச்சாமியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த திருநாளுக்குள் பார்க்கலாம் என்றார்.